பேரேட்டைக் கிழிக்க விட்டது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தந்தையின் கடிதம் வந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான அவருடைய மகன், ஏதோ ஒரு கட்டளையைத் தட்டி கம்பெனியின் நிரலை அழித்துவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வாரம் அதற்குப் பதிலாக மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றிலும் ஒரே பாட்டு: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிதானம் கிடையாது, எதையும் படித்துப் பார்த்துச் செய்வது கிடையாது. அதைப் படித்து முடிப்பதற்குள் என் காபி ஆறிப்போனது. மூன்று பேரில் ஒருவர்கூட, ஒரே கட்டளையில் எல்லாம் போகிற மாதிரி அந்தக் கம்பெனி ஏன் வைத்திருந்தது என்று கேட்கவில்லை.

நான் இந்தத் தொழிலில் 19 வருடமாக இருக்கிறேன். கோவையில் நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி. மொத்தம் பதினொரு பேர். பஞ்சு பேல் உள்ளே வருவது முதல் நூல் கோன் லாரி ஏறுவது வரை கணக்கு வைப்பது எங்கள் மென்பொருள்தான். எங்களிடமும் இப்படி ஒன்று நடந்தது. வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

கணினி தெரியாத வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். என் அப்பா பல்லடம் பக்கம் ஒரு மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியான தொகை, அதன் கீழ் ஒரு சுருக்கொப்பம். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு. ஒன்றைக் கிழித்தால் ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அப்படி ஒரு பேரேடு இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் அதில் வரிசையாக ஏறும். இன்று பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் செய்வது ‘கிட்’ என்ற மென்பொருள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் குழு அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருள் அவர்களுக்கு இல்லை என்று ஆனதால், அவசரத்துக்குச் செய்துகொண்டது அது. அந்த ஜூலையிலேயே பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். இன்றுவரை அவர்தான் பராமரிக்கிறார்.

கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் பேரேட்டின் முழு நகல் இருக்கும். வேலை பிரிந்து நடப்பதற்காக ஒரே பேரேட்டுக்குள் பல கிளைகள் இருக்கும். நாங்கள் பிராஞ்ச் என்போம். வேலை முடிந்ததும் நம் கிளையை சர்வரில் இருக்கும் பொதுப் பேரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் ‘புஷ்’. சர்வரில் இருப்பது நம்மிடம் இருப்பதைவிடப் புதிதாக இருந்தால் கிட் வாங்க மறுக்கும். மறுத்தாலும் பரவாயில்லை, என் நகலையே வை என்று திணிக்கவும் வழி உண்டு: ‘ஃபோர்ஸ் புஷ்’. கட்டளையின் பின்னால் ‘மைனஸ் எஃப்’ என்று இரண்டு எழுத்து போட்டால் போதும். சர்வரில் இருக்கும் பக்கங்களைக் கிழித்துவிட்டு நம் பக்கங்களை ஒட்டுகிற வேலை அது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2016 ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நான்கு மணி இருக்கும். திங்கட்கிழமை காலையில் உடுமலை பக்கம் ஒரு மில்லில் புதுப் பதிப்பை ஏற்ற வேண்டும். சேர்ந்து மூன்று வாரமான பையன் ஒருவன், டெலிவரி சலான் அச்சடிக்கும் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தான். என் மேஜை பக்கம் வந்து நின்றான். “அக்கா, மாஸ்டர்ல ஏதோ ஆயிடுச்சுங்க. நான் என் பிராஞ்சத்தானுங்க அனுப்புனேன்.”

அவன் சொன்னது நிஜம். அவன் அனுப்ப நினைத்தது அவன் கிளையை மட்டும்தான். ஆனால் போனது மூன்று கிளைகள். மாஸ்டர் என்கிற முதன்மைக் கிளையும், மில்களுக்குக் கொடுக்கும் பதிப்பை வைக்கிற ரிலீஸ் கிளையும் அவன் சேர்ந்த நாளில் எப்படி இருந்தனவோ அந்த நிலைக்குத் திரும்பிவிட்டன. இடையில் ஐந்து பேர் சேர்த்த மூன்று வார வேலையைக் காணவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். என் வாதமே அதில்தான் இருக்கிறது. அவனுக்குக் கொடுத்த கணினியில் இருந்தது உபுண்டு 14.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதோடு வந்த கிட் 1.9.1 பதிப்பு. அந்தப் பதிப்பில் வெறுமனே ‘கிட் புஷ்’ என்று அடித்தால், நீங்கள் வேலை செய்யும் கிளை மட்டும் போகாது. உங்கள் கணினியிலும் சர்வரிலும் ஒரே பெயரில் என்னென்ன கிளைகள் இருக்கின்றனவோ அத்தனையையும் அது அனுப்பப் பார்க்கும். அந்த நடத்தைக்கு ‘மேட்சிங்’ என்று பெயர். யாரும் எதையும் மாற்றாவிட்டால் இருக்கிற நிலை, அதாவது டிஃபால்ட், அப்போது அதுதான்.

பையன் ‘கிட் புஷ்’ என்று அடித்தான். அவனுடைய கிளை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கூடவே, அவன் தொடாத மாஸ்டரையும், பழைய சலான் எப்படி இருந்தது என்று பார்க்க ஒருமுறை எடுத்துவைத்த ரிலீஸையும் கிட் அனுப்பப் பார்த்தது. அவை மூன்று வாரப் பழசு என்பதால் சர்வர் மறுத்தது. திரையில் சிவப்பாக ‘ரிஜெக்டட்’. கடைசி வரியில் சிலவற்றை அனுப்ப முடியவில்லை என்று பொதுவாக ஒரு செய்தி. தன் வேலைதான் போகவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். யார்தான் நினைக்க மாட்டார்கள்? இணையத்தில் தேடினான். எவரோ ஒருவர் ‘மைனஸ் எஃப் போடு’ என்று எழுதியிருந்தார். போட்டான்.

பிழைச் செய்தியை வரவழைத்ததும் அந்த டிஃபால்ட்தான். அந்தப் பிழைக்கு அவன் கண்டுபிடித்த மருந்தை அவன் தொடாத கிளைகள்மேலும் தடவியது அதே டிஃபால்ட்தான். குழியை வெட்டி வைத்து, விழுந்தவனுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வதா?

“எச்சரிக்கை வந்திருக்குமே” என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். வந்தது. அந்தப் பதிப்பில் ஒவ்வொரு புஷ்ஷின்போதும் பத்து வரிக்கு மேல் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை ஓடும்: இப்போது டிஃபால்ட் மேட்சிங், கிட் 2.0-வில் ‘சிம்பிள்’ ஆக மாறப்போகிறது, இந்தச் செய்தி வேண்டாமென்றால் இந்த அமைப்பை இப்படி வையுங்கள் என்று. தினம் ஐந்து முறை வருகிற எச்சரிக்கையை எவர் படிப்பார்? பஸ்ஸில் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதியிருப்பதைத் தினமும் படித்துக்கொண்டா ஏறுகிறோம்? நானே அதை ஒரு வருடம் பார்த்து ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை.

2014 மே மாதக் கடைசியில் கிட் 2.0 வந்தது. அதில் டிஃபால்ட்டை மாற்றிவிட்டார்கள். சிம்பிள் என்றால், இப்போது நிற்கிற கிளை மட்டும், அதுவும் சர்வரில் அதே பெயருள்ள கிளைக்குத்தான் போகும். பெயர் பொருந்தாவிட்டால் அனுப்ப மறுக்கும். நல்ல மாற்றம். ஆனால் உபுண்டு 14.04 வெளியானது அதற்கு முந்தின மாதம், ஏப்ரலில். ஒரு மாத வித்தியாசத்தில் எங்கள் கணினிகள் பழைய கிட்டோடு நின்றுவிட்டன. ஐந்து வருட ஆதரவு உள்ள பதிப்பு என்பதால் நாங்களும் மாற்றாமல் இருந்தோம். இரண்டு வருடம் முன்பே சரிசெய்யப்பட்ட ஒரு குழியில்தான் அந்தப் பையன் விழுந்தான்.

அன்று ராத்திரி எப்படி மீட்டோம் என்பது தனிக் கதை. ஃபோர்ஸ் புஷ் செய்ததும், சர்வரில் முன்பு எந்தப் பதிவு கடைசியாக இருந்தது என்ற அடையாள எண்ணைக் கிட் திரையில் காட்டும். முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு. அந்த எண் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பயந்துபோன பையன் அந்த ஜன்னலை மூடிவிட்டிருந்தான். சரி, சர்வரில் ‘ரெஃப்லாக்’ இருக்குமே என்று போனேன். ஒவ்வொரு கிளையும் எந்தெந்தப் பதிவில் இருந்தது என்று கிட் எழுதிவைக்கும் குறிப்பேடு அது. நம் கணினியில் அது தானாக ஓடும். சர்வரில் வைக்கும் பொதுப் பேரேட்டில், டிஃபால்டாக, ஓடாது! அதிகம் தேவைப்படும் இடத்தில் அணைத்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது.

கடைசியில் கைகொடுத்ததும் ஒரு டிஃபால்ட்தான். எந்தக் கிளையோடும் சேராமல் அநாதையாகிவிட்ட பதிவுகளைக் கிட் உடனே குப்பையில் போடாது; பொதுவாக இரண்டு வாரமாவது வைத்திருக்கும். சர்வரில் ‘கிட் எஃப்எஸ்சிகே’ என்ற, பேரேட்டைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டினேன். அநாதைப் பதிவுகள் இருபத்துமூன்று வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து தேதி பார்த்து, எது வெள்ளிக்கிழமை மூன்றரை மணி மாஸ்டர் என்று கண்டுபிடித்து ஒட்டவைக்கும்போது மணி அதிகாலை இரண்டு. பையன் போகவே இல்லை. இரண்டு முறை டீ வாங்கி வந்தான். கடைசிவரை உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான்.

‘இரண்டு வாரம் வைத்திரு’ என்று யாரோ ஒருவர் என்றைக்கோ முடிவு செய்தாரே, அவருக்கு அன்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பிரஷர் குக்கர் வாங்கும்போது ‘சேஃப்டி வால்வு வேண்டுமா’ என்று கடைக்காரர் கேட்பதில்லை. அது மாட்டியேதான் வருகிறது. தெரிந்தவர் சமைத்தாலும் தெரியாதவர் சமைத்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

கிட் செய்தவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. லினக்ஸின் உட்கருவை எழுதுகிற தேர்ந்த ஆட்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட கருவி அது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையன் அவர்கள் மனதில் இருந்திருக்க மாட்டான். ஒரு டிஃபால்ட்டை மாற்றினால் பழகினவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதும் உண்மை. அதனால்தான் முன்கூட்டியே அறிவித்து, பதிப்புக்குப் பதிப்பு எச்சரித்து, மெதுவாக மாற்றுகிறார்கள். சர்வரில் இருப்பதை நம் கணினிக்கு இழுக்கும் ‘கிட் புல்’ விஷயத்திலும் 2020-ல் எச்சரிக்கை, 2021-ல்தான் கறாரான மறுப்பு. என் குறை வேகத்தைப் பற்றியதுதான்.

வேறு மாதிரி யோசித்தவர்களும் இருக்கிறார்கள். கிட் பிறந்த அதே 2005 ஏப்ரலில் பிறந்த, அதே வேலையைச் செய்யும் மெர்குரியல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் அதில் ஓர் ஏற்பாடு வந்தது: உங்கள் கணினியைவிட்டு வெளியே போன பதிவு ‘பப்ளிக்’ ஆகிவிடும், அதற்கப்புறம் அதைத் திருத்தி எழுத அது சாதாரணமாக விடாது. கிட்டுக்கு முன்பு நாங்கள் வைத்திருந்த சப்வெர்ஷன் என்ற மென்பொருளில் இன்னும் கண்டிப்பு. ஒரு பதிவோடு எழுதிய குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தால்கூடப் பின்னால் திருத்த முடியாது. அந்தத் திருத்தத்துக்குத் தடயம் இருக்காது என்பதால், சர்வர் நிர்வாகி அதற்கென்று ஒரு சிறு நிரலை வைத்து அனுமதித்தால்தான் உண்டு. அப்போது அதைச் சனியன் என்று திட்டியிருக்கிறேன். என் அப்பா பார்த்திருந்தால் ‘இதுதான்டா பேரேடு’ என்றிருப்பார்.

கண்டிப்பு கூடினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2022-ல், கோப்புறையின் உரிமையாளர் வேறு ஒருவராக இருந்தால் கிட் வேலை செய்ய மறுக்கத் தொடங்கியது. பலர் புழங்கும் கணினியில் ஒருவர் இன்னொருவருக்குப் பொறி வைக்கலாம் என்ற நியாயமான பயம்தான் காரணம். நம்பகமான கோப்புறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவை என்றது. எங்கள் ஆபீசில் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாவற்றையும் நம்பு என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை ஒரே வரியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். தினசரி வேலையில் கல்லாக உறுத்தும் பாதுகாப்பை ஆட்கள் கழற்றி எறிந்துவிடுவார்கள். சிம்பிள் அப்படி உறுத்தவில்லை. மாறினதே பலருக்குத் தெரியாது.

அனுபவம் இருந்தால் இந்தத் தப்பு நடக்காது என்று அந்த மூன்று பேரில் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியாளராம், எழுதியிருந்தார். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற திறமூலத் திட்டத்தில், தேர்ந்த பங்களிப்பாளர் ஒருவரின் கணினியிலிருந்து போன ஒரு ஃபோர்ஸ் புஷ், 150-க்கும் மேற்பட்ட பேரேடுகளைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டது. அந்தப் பேரேடுகளை இணையத்தில் வைத்திருந்த கிட்ஹப் சேவையின் உதவியோடு மீட்டார்கள். அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். திட்டத்தினர் அவரைத் துரத்தவில்லை. அதே மாதம் வந்த கிட் 1.8.5-ல், ‘நான் கடைசியாகப் பார்த்த நிலையில் சர்வர் இருந்தால் மட்டும் திணி’ என்று சொல்லும் ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ என்ற வழியும் வந்தது. அருமையான வழிதான். ஆனால் பாருங்கள், ஆபத்தானதற்கு இரண்டே எழுத்து, பத்திரமானதற்கு நீளமான ஒரு சொற்றொடர். அவசரத்தில் கை எதை அடிக்கும்?

இப்போது என் பங்கு. அந்த சர்வரை 2013-ல் நிறுவியது நான். பொதுப் பேரேட்டை உருவாக்கும் கட்டளையில் ‘ஷேர்ட்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். பலர் சேர்ந்து பயன்படுத்தப்போகிறோம் என்று அதற்குப் பொருள். அதைச் சேர்த்தால், ஃபோர்ஸ் புஷ்ஷை மறுக்கும் அமைப்பும் கூடவே தானாக இயங்கத் தொடங்கும். எல்லோருக்கும் ஒரே லாகின்தானே, எதற்கு அது என்று நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பையன் ஆயிரம் முறை மைனஸ் எஃப் போட்டிருந்தாலும் சர்வர் வாங்கியிருக்காது. அந்த சனிக்கிழமை தூக்கம் வராமல் கிட்டின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இந்த வரி கண்ணில் பட்டது.

திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் உட்காரவைத்து, “யாரப்பா செஞ்சது?” என்றார். பையன் எழுந்து, “நான்தானுங்க சார்” என்றான். நான் அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. “புதுப் பசங்களுக்கு மாஸ்டர் பக்கம் போக விடாதீங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்தார். அடுத்த மாதமே பையன் வேலையை விட்டுவிட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. அவனிடம் இருந்த நம்பர் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. அழைத்தால் இந்தியில் பேசுகிறார்கள்.

அதற்கப்புறம் நான் நிறுவிய ஒவ்வொரு சர்வரிலும் முதல் வேலையாக மூன்று வரி போடுகிறேன்: ஃபோர்ஸ் புஷ்ஷை மறுக்க ‘ரிசீவ் டினை நான் ஃபாஸ்ட் ஃபார்வர்ட்ஸ்’ ஆன், கிளையை அழிப்பதை மறுக்க ‘ரிசீவ் டினை டிலீட்ஸ்’ ஆன், ரெஃப்லாக் ஆன். தமிழில் எழுதினால் மந்திரம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு நிமிடம் ஆகாது. சர்வர் சொந்தமாக இல்லாமல் இணையச் சேவையில் வைத்திருப்பவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கிட்லேபில் புதுத் திட்டம் தொடங்கினால் முதன்மைக் கிளைக்குப் பாதுகாப்பு டிஃபால்டாகவே வரும். கிட்ஹப்பில் அதை நாமாகப் போய் வைக்க வேண்டும். வைக்காமல் புதியவர்களுக்கு அனுமதி கொடுக்கிற கம்பெனிகள் நம் ஊரில் எத்தனையோ. கல்லூரி ஆய்வகங்களில் நிலைமை இன்னும் மோசம். நான் போய்ப் பார்த்த இரண்டு இடங்களில் மாணவர்கள் எல்லோரும் ஒரே பேரேட்டில், ஒரே கிளையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முதல் கடிதம் எழுதிய அந்தத் தந்தையின் முகவரி உங்களிடம் இருக்கும். தயவுசெய்து இதை அவருக்கு அனுப்பிவையுங்கள். மகனுடைய கம்பெனியிடம் அவர் இரண்டு கேள்வி கேட்கலாம். முதன்மைக் கிளையில் ஃபோர்ஸ் புஷ்ஷை சர்வர் மறுக்கும்படி வைத்திருந்தீர்களா? இல்லையென்றால், அந்த சர்வரை நிறுவியது யார்? அந்த ஆள் இன்னமும் அங்கே வேலையில்தான் இருப்பார். நான் இருக்கிறேனே.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாளி உங்கள் பத்திரிகையின் சந்தாதாரர். அவரிடம் நானே சொல்லிவிட்டு, அப்புறம் அவர் இதைப் படிப்பதுதான் முறை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீளமேடு, கோவை